ஈரணு மூலக்கூறுகளைக் கையால் போட்டுப் பழகுவது எப்படி: எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து பிணைப்புத் தரம் வரை

சேலத்தில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லித் தருகிறேன். சகப்பிணைப்புப் பாடத்தில் (அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டு சேர்வது) பெரும்பாலானவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். எலக்ட்ரானைக் காட்டும் புள்ளி வைக்கத் தெரிகிறது, சூத்திரமும் மனப்பாடம். ஆனால் எண்ணி முடிக்கும் முன்பே புள்ளி வைக்கிறார்கள், புள்ளிப்படம் முடியும் முன்பே ஆர்பிட்டாலுக்கு (எலக்ட்ரான் இருக்கும் இடப்பகுதி) தாவுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் எந்த ஈரணு மூலக்கூறையும் (இரண்டே அணுக்கள் சேர்ந்தது) நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

தனிம வரிசை அட்டவணை, பென்சில், அழிப்பான், கோடில்லாத வெள்ளைத்தாள். பேனா வேண்டாம். புள்ளிப்படத்தை ஒரு தடவையாவது அழித்துப் போட வேண்டி வரும். பேனாவில் போட்டவர்கள் தப்பான புள்ளியை அழிக்க மனமில்லாமல் அதையே நியாயப்படுத்தப் பார்க்கிறார்கள்.

எடுத்துக்கொள்ளும் வரிசை: ஹைட்ரஜன், ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் குளோரைடு, கடைசியாகக் கார்பன் மோனாக்சைடு. ஒற்றை, இரட்டை, மூன்று என்று பிணைப்பு படிப்படியாகக் கூடும். இரண்டு அணுவும் வேறாக இருக்கும் சிக்கல் அதற்கு அப்புறம்தான் வரும். கார்பன் மோனாக்சைடை முதலில் எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

2. முதலில் அது மூலக்கூறுதானா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். வாய்பாட்டில் இரண்டு அணு இருந்தாலே அது ஈரணு மூலக்கூறு ஆகிவிடாது.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மாமாங்கம் பக்கம் வெட்டியெடுக்கும் மாக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். வாய்பாட்டில் ஒரு மெக்னீசியம், ஒரு ஆக்சிஜன். ஆனால் அந்தப் பொடியில் 'ஒரு மெக்னீசியமும் ஒரு ஆக்சிஜனும் ஜோடி' என்று எதையும் தனியாகக் காட்ட முடியாது. ஒவ்வொரு மெக்னீசியம் அயனியைச் சுற்றியும் ஆறு ஆக்சைடு அயனிகள், ஒவ்வொரு ஆக்சைடைச் சுற்றியும் ஆறு மெக்னீசியம் அயனிகள். இது அயனிப் படிகம். 2800 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும், அதனால்தான் உலைச் செங்கல் செய்ய உதவுகிறது. சாப்பாட்டு உப்பும் இதே கதைதான்.

சாதாரண வெப்பநிலையில் ஈரணுவாக இருக்கும் தனிமங்கள் ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பட்டறையில் ஆர்கான் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் சிலிண்டருக்குள் இருப்பது ஒற்றை அணுக்கள். அவை ஏன் ஜோடி சேர்வதில்லை என்பதற்கு ஏழாம் படியில் கணக்கே பதில் சொல்லும்.

3. இணைதிற எலக்ட்ரான்களை மட்டும் எண்ணுங்கள்

வெளிக்கூட்டில் இருப்பவை மட்டும்தான் கணக்கு. குளோரினுக்கு 17 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. 17 என்பது மொத்தம். வெளிக்கூட்டில் இருப்பது 7. உள்கூட்டு எலக்ட்ரான்கள் தத்தம் அணுக்கருவுடன் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன, பிணைப்பில் அவற்றுக்குப் பங்கில்லை.

இரண்டு அணுக்களின் எண்ணிக்கையையும் கூட்டித் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வட்டமிடுங்கள். ஹைட்ரஜன் 2, ஃபுளூரின் 14, ஆக்சிஜன் 12, நைட்ரஜன் 10, ஹைட்ரஜன் குளோரைடு 8, கார்பன் மோனாக்சைடு 10. கடைசிவரை இந்த எண் மாறக் கூடாது. புள்ளிப்படம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் படம் தப்பு.

4. எத்தனை எலக்ட்ரான் பகிரப்படுகிறது என்று கணக்குப் போடுங்கள்

இங்கே யாரும் ஊகிக்க வேண்டாம், ஒரு கழித்தலே போதும். நிலையாக இருக்க ஒவ்வொரு அணுவுக்கும் வெளிக்கூட்டில் 8 வேண்டும், ஹைட்ரஜனுக்கு மட்டும் 2. வேண்டியதிலிருந்து இருப்பதைக் கழித்தால் பகிரப்பட வேண்டியது வந்துவிடும். பகிர்ந்த எலக்ட்ரான் இரண்டு அணுவின் கணக்கிலும் சேர்வதால்தான் இந்தக் கழித்தல் சரியாக வருகிறது.

ஃபுளூரின்: 16 போக 14, மீதி 2. ஒரு ஜோடி, ஒற்றைப் பிணைப்பு.
ஆக்சிஜன்: 16 போக 12, மீதி 4. இரட்டைப் பிணைப்பு.
நைட்ரஜன்: 16 போக 10, மீதி 6. முப்பிணைப்பு.
ஹைட்ரஜன் குளோரைடு: 10 போக 8, மீதி 2. ஒற்றைப் பிணைப்பு.

பகிர்ந்தது போக மீதமுள்ளவை தனித்த ஜோடிகள். ஃபுளூரின் மூலக்கூறில் 12 எலக்ட்ரான் மீதி, அணுவுக்கு மூன்று ஜோடி. நைட்ரஜனில் 4 மீதி, அணுவுக்கு ஒரு ஜோடி. நிறையப் பேர் நடுவில் கோடு போட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். தனித்த ஜோடியை விட்டுவிட்டால் ஃபுளூரின் பிணைப்பு ஏன் வலுவற்றது என்பது பின்னால் புரியவே புரியாது.

கழித்தலில் ஒற்றைப்படை எண் வந்தால் பயப்பட வேண்டாம். நைட்ரிக் ஆக்சைடில் 16 போக 11, மீதி 5. புள்ளிப்படத்தால் அதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது என்பதற்கு அதுவே அடையாளம். ஓரமாக எழுதி வையுங்கள், பதினோராம் படியில் பார்க்கலாம்.

5. இரண்டு அணுவும் வேறு என்றால் முறைசார் மின்சுமையைப் போடுங்கள்

பகிர்ந்த ஜோடியை இரண்டு அணுவுக்கும் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வரும் மின்சுமைதான் இது. அணுவின் இணைதிற எலக்ட்ரான் எண்ணிக்கையிலிருந்து, அதன் தனித்த எலக்ட்ரான் அனைத்தையும், பகிர்ந்தவற்றில் பாதியையும் கழியுங்கள்.

கார்பன் மோனாக்சைடில் பகிர்ந்தது 6, இரு பக்கமும் ஒவ்வொரு தனித்த ஜோடி. கார்பனுக்கு 4 இலிருந்து 2 உம் 3 உம் போக −1. ஆக்சிஜனுக்கு 6 இலிருந்து அதே 5 போக +1. ஆக்சிஜன்தானே எலக்ட்ரானை அதிகம் இழுக்கும், அதற்குப் போய் நேர்மின்சுமையா என்று பிள்ளைகள் உடனே அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். இந்த இரண்டு போக்கும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டுவதால்தான் கார்பன் மோனாக்சைடின் இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை இரு முனைக்கும் பிரிந்து நிற்கும் அளவு, அலகு டிபை) வெறும் 0.1 டிபை அளவில் இருக்கிறது. அதிலும் எதிர்மின் முனை கார்பன் பக்கமே.

அந்தக் கார்பன் முனையிலுள்ள தனித்த ஜோடிதான் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஏற்காட்டில் குளிருக்குப் பயந்து சன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டு அறைக்குள் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து என்பதற்கு இதுதான் காரணம். வாசனை இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். இதை எழுதாமல் இந்தப் பாடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

6. பிடித்து வைத்திருப்பது எது? ஆற்றல் வளைகோட்டை வரையுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், பாடப்புத்தகத்தில் வேகமாகக் கடந்துவிடுவதும் இதைத்தான். நிதானமாகப் போடுங்கள்.

கிடைமட்டக் கோட்டில் இரண்டு அணுக்கருக்களுக்கு இடையிலுள்ள தூரம், செங்குத்துக் கோட்டில் ஆற்றல். ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். இரண்டு அணுவும் வெகுதூரத்தில் இருக்கும்போது ஆற்றலைப் பூஜ்யம் என்று வையுங்கள். வலது ஓரத்திலிருந்து இடது நோக்கி வாருங்கள்.

அணுக்கள் நெருங்க நெருங்க, ஒரு அணுவின் எலக்ட்ரானை அடுத்த அணுக்கருவும் இழுக்கத் தொடங்கும். எலக்ட்ரான் ஜோடி இரண்டு கருக்களுக்கும் நடுவில் அடர்ந்து நிற்கும்போது இரண்டு கருக்களும் அதே ஜோடியால் ஈர்க்கப்படுகின்றன. ஆற்றல் கீழே இறங்குகிறது. 74 பிகோமீட்டரில் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோமீட்டர்) அது மிகவும் தாழ்ந்த இடத்தைத் தொடும். அதற்கும் கிட்டே தள்ளினால் இரண்டு நேர்மின் கருக்களும் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும், கோடு செங்குத்தாக மேலே ஏறிவிடும்.

அந்தத் தாழ்ந்த இடத்தின் தூரமே பிணைப்பு நீளம். அங்கிருந்து பூஜ்யக் கோட்டுக்கு ஏறத் தேவைப்படும் ஆற்றலே பிணைப்பு ஆற்றல். ஹைட்ரஜனுக்கு ஒரு மோலுக்கு 436 கிலோஜூல். அணுக்கள் அந்த இடத்தில் அசையாமல் நிற்பதாக நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு ஒரு கோடி கோடி முறைக்கும் மேல் அதிர்கிறது. 74 என்பது அந்த அதிர்வின் நடுப்பகுதி.

ஏன் இரண்டு எலக்ட்ரான், மூன்று ஏன் கூடாது? பௌலி விதிப்படி ஒரு ஆர்பிட்டாலில் எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட இரண்டுக்குத்தான் இடம். மூன்றாவது வந்தால் மேலே உள்ள ஆர்பிட்டாலுக்குப் போக வேண்டும், அங்கே அது பிணைப்பைக் கெடுக்கும்.

இந்தப் படியில் வரும் மிகப் பெரிய பிழை: 'பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படும்' என்று எழுதுவது. வளைகோட்டைப் பார்த்தால் போதும். சேலம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் உழைத்தாக வேண்டும், பெட்ரோல் செலவாகும். பிணைந்த மூலக்கூறு பள்ளத்தில் இருக்கிறது, தனி அணுக்கள் மேட்டில் இருக்கின்றன. உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், பிணையும்போது வெளிப்படும். ஹைட்ரஜன் எரியும்போது வெப்பம் வருவது புதிதாக உருவாகும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான். உடைந்த பழைய பிணைப்புகள் அதில் ஒரு பங்கைச் செலவாக எடுத்துக்கொண்டவை.

7. மூலக்கூறு ஆர்பிட்டால்களை நிரப்புங்கள்

புள்ளிப்படம் சரியாக வந்த பிறகு இது எதற்கு என்று கேட்பார்கள். ஆக்சிஜனுக்காகத்தான். புள்ளிப்படத்தில் ஆக்சிஜனின் 12 எலக்ட்ரான்களும் ஜோடியாகத்தான் நிற்கின்றன. அப்படியானால் அது காந்தத்தால் ஈர்க்கப்படக் கூடாது. ஆனால் வெளிர்நீல நிறத் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்கிறது. புள்ளிப்படத்தால் இதைச் சொல்ல முடியாது.

இரண்டு அணுக்களின் 2எஸ், 2பி ஆர்பிட்டால்கள் எட்டும் கலந்து எட்டு மூலக்கூறு ஆர்பிட்டால்கள் உண்டாகும். நான்கு பிணைப்பு வகை. அவற்றில் எலக்ட்ரான் கருக்களுக்கு நடுவே அடரும். நான்கு எதிர்பிணைப்பு வகை. அவற்றில் நடுவே வெறுமை, எலக்ட்ரான் வெளிப்பக்கம் ஒதுங்கி நிற்கும், கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதே ஓங்கும்.

கீழிருந்து மேலாகக் கட்டங்கள் வரையுங்கள். சிக்மா என்பது இரண்டு கருக்களை இணைக்கும் கோட்டின் மேலேயே அமைவது, பை என்பது அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் அமைவது. ஆக்சிஜன், ஃபுளூரினுக்கு வரிசை இது: சிக்மா 2எஸ், எதிர்பிணைப்பு சிக்மா 2எஸ், சிக்மா 2பி, இரண்டு பை 2பி, இரண்டு எதிர்பிணைப்பு பை 2பி, கடைசியாக எதிர்பிணைப்பு சிக்மா 2பி. நைட்ரஜன் வரைக்கும் உள்ள லேசான அணுக்களுக்கு மட்டும் பை 2பி இரண்டும் சிக்மா 2பிக்குக் கீழே வரும். காரணம், அவற்றில் 2எஸ்ஸுக்கும் 2பிக்கும் ஆற்றல் இடைவெளி குறைவு. அதனால் இரண்டும் கலந்து சிக்மா 2பியை மேலே தள்ளிவிடுகின்றன. ஆக்சிஜனில் இடைவெளி பெரிது, கலப்பு குறைவு.

இப்போது மூன்றாம் படியில் வட்டமிட்ட எண்ணை எடுத்து, கீழிருந்து அம்புக்குறியாக நிரப்புங்கள். ஒரே ஆற்றலுள்ள இரண்டு கட்டம் வந்தால் முதலில் ஆளுக்கொன்று, அப்புறம்தான் ஜோடி. ஆக்சிஜனின் 12 இல் 10 போனதும் மீதி 2. அவை இரண்டு எதிர்பிணைப்பு பை கட்டங்களிலும் ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கும். இந்த இரண்டு தனி எலக்ட்ரான்கள்தான் காந்தத்துக்கு இழுபடுகின்றன. இரண்டையும் ஒரே கட்டத்தில் ஜோடியாகப் போட்டுவிட்டு 'காந்தத்தன்மை இல்லை' என்று எழுதுபவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பிணைப்புத் தரம், அதாவது எத்தனை பிணைப்புக்குச் சமம் என்ற எண்: பிணைப்பு வகையில் உள்ளதிலிருந்து எதிர்பிணைப்பில் உள்ளதைக் கழித்துப் பாதியாக்குங்கள்.

நைட்ரஜன்: 8 போக 2, பாதி 3.
ஆக்சிஜன்: 8 போக 4, பாதி 2.
ஃபுளூரின்: 8 போக 6, பாதி 1.
நியான் ஜோடி சேர்ந்தால்: 8 போக 8, பூஜ்யம்.

ஆர்கானும் இதேபோலத்தான். எதிர்பிணைப்புக் கட்டங்களும் நிரம்பிவிடுவதால் ஜோடி சேர்ந்து லாபமில்லை. உள்கூட்டு 1எஸ் எலக்ட்ரான்களைச் சேர்த்து எழுதினாலும் விடை மாறாது. அவற்றில் இரண்டு பிணைப்பு வகை, இரண்டு எதிர்பிணைப்பு வகை, ஒன்றையொன்று அடித்துவிடும்.

8. விடையை அளவிட்ட மதிப்புகளோடு ஒத்துப் பாருங்கள்

பிணைப்புத் தரம் கூடினால் நீளம் குறையும், ஆற்றல் கூடும். நைட்ரஜன் 110 பிகோமீட்டர், 945 கிலோஜூல். ஆக்சிஜன் 121, 498. ஃபுளூரின் 142, சுமார் 159. மூன்றும் அட்டவணையில் ஒரே வரிசையில் இருப்பதால் ஒப்பீடு அழகாக வருகிறது.

வேறு வரிசையோடு ஒப்பிடும்போது கவனம். குளோரினுக்கும் தரம் 1 தான், நீளம் 199 பிகோமீட்டர். ஃபுளூரினைவிட நீளமானது என்பதால் வலுவற்றது என்று எழுதத் தோன்றும். ஆனால் குளோரினின் பிணைப்பு ஆற்றல் 243. ஃபுளூரின் அணு மிகச் சிறியது. நான்காம் படியில் போட்ட மூன்று மூன்று தனித்த ஜோடிகளும் நெருக்கத்தில் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது.

945 என்ற எண்ணின் கனத்தை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நின்று யோசிக்கலாம். செடியைச் சுற்றியிருக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். இருந்தும் உரம் போட வேண்டியிருக்கிறது. அந்த முப்பிணைப்பை உடைக்கும் வழி காப்பிச் செடியிடம் இல்லை. நிழலுக்கு நடும் கல்யாண முருங்கையின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா அதைச் செய்கிறது, உரத் தொழிற்சாலை இரும்பு வினையூக்கியும் உயர் அழுத்தமும் வைத்துச் செய்கிறது, மலைமேல் வெட்டும் மின்னல் தன் வெப்பத்தால் செய்கிறது.

9. எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறியுங்கள்

ஒரே அணு இரண்டு என்றால் இந்தப் படி தேவையில்லை, இழுப்பு சமம். ஹைட்ரஜன் குளோரைடில் குளோரின் பக்கம் சாய்வு. இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 1.1 டிபை. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் 1.8.

இங்கே வரும் பிழை: அமிலம்தானே, ஆகவே அயனிச் சேர்மம் என்பது. வாயுவாக இருக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு சகப்பிணைப்பு மூலக்கூறுதான். 127 பிகோமீட்டர், 431 கிலோஜூல். தண்ணீரில் கரைந்த பிறகே அயனியாகப் பிரிகிறது.

10. கொதிப்பதையும் பிணைப்பு உடைவதையும் குழப்பாதீர்கள்

கால்நடை மருந்தகத்தில் உறைவிந்துக் குச்சி வைத்திருக்கும் கேனைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள். மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை விளிம்பைத் தாண்டி வழிந்து தரையை நோக்கி இறங்கும். உள்ளே −196 டிகிரியில் திரவ நைட்ரஜன் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த வெள்ளைப் புகை நைட்ரஜன் இல்லை, அதற்கு நிறமே கிடையாது. அறைக்காற்றிலிருந்த ஈரம் குளிரில் நுண்துளியாக மாறியது.

கொதிக்கும்போது பிரிவது ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறிடமிருந்து. அதற்கு மோலுக்கு ஆறு கிலோஜூல்கூடத் தேவையில்லை. மூலக்கூறுக்குள் இருக்கும் 945 கிலோஜூல் பிணைப்பை யாரும் தொடவில்லை. 'கொதிநிலை குறைவு, ஆகவே சகப்பிணைப்பு வலுவற்றது' என்று எழுதினால் இரண்டு வேறு விசைகளை ஒன்றாக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

11. தனியாகப் போட்டுப் பாருங்கள்

நான்கு கணக்கு தருகிறேன்: நைட்ரிக் ஆக்சைடு, அதிலிருந்து ஒரு எலக்ட்ரான் போன நேர் அயனி, சூப்பர் ஆக்சைடு அயனி (ஆக்சிஜனோடு ஒரு எலக்ட்ரான் கூடியது), பெராக்சைடு அயனி (இரண்டு கூடியது). நான்கிலும் மூன்றாம் படியில் தொடங்குங்கள். அயனி என்றால் வட்டமிடும் முன்பே எலக்ட்ரானைக் கூட்டிக் கழித்துவிடுங்கள். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

விடைகள்: நைட்ரிக் ஆக்சைடு 11 எலக்ட்ரான், தரம் 2.5, எதிர்பிணைப்பு பையில் ஒரு தனி எலக்ட்ரான், நீளம் 115 பிகோமீட்டர். அதன் நேர் அயனி 10 எலக்ட்ரான், தரம் 3, நீளம் 106. போனது எதிர்பிணைப்பு எலக்ட்ரான் என்பதால் பிணைப்பு இறுகியது. சூப்பர் ஆக்சைடு 13 எலக்ட்ரான், தரம் 1.5, தனி எலக்ட்ரான் ஒன்று. பெராக்சைடு 14 எலக்ட்ரான், தரம் 1, தனி எலக்ட்ரான் இல்லை, நீளம் சுமார் 149.